காட்டிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? அந்த முடிவில் குடிமக்கள் பங்கேற்பதற்கான முழுமையான வழிகாட்டி

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். சுவரில் பச்சை வண்ணம் தீட்டிய வரைபடம். மேசைக்குப் பின்னால் அதிகாரிகள், ஓரத்தில் ஆலையின் பிரதிநிதி. பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பறவைகளைப் பற்றிப் பேசுகிறார், ஒருவர் நீரோடையைப் பற்றி, ஒருவர் வேலைவாய்ப்பைப் பற்றி. எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் காட்டில் ஆண்டுக்கு எத்தனை கனமீட்டர் மரம் வெட்டப்படும் என்ற எண் அங்கே யார் வாயிலும் வரவில்லை. கூட்டத்துக்கு முன் எந்த எண் இருந்ததோ அதுவேதான் கூட்டத்துக்குப் பின்னும் இருக்கிறது.

அந்த எண்ணை எட்டாத பங்கேற்பு வெறும் சடங்காகவே முடிகிறது. அதை எட்டுவது எப்படி என்று, தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

உயிரிப் பொருளாதாரம் ஏன் இந்தக் கேள்வியை அவசரமாக்குகிறது

நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றின் இடத்தில் மரம், நார், இலை, பிசின் போன்ற உயிருள்ள மூலங்களை வைப்பதே உயிரிப் பொருளாதாரம். பிளாஸ்டிக்குக்குப் பதில் அட்டை, சிமென்ட்டுக்குப் பதில் மரக்கட்டுமானம், நிலக்கரிக்குப் பதில் மரத்தூள் வில்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் இவை அனைத்தும் ஒரே காட்டின் கதவைத்தான் தட்டுகின்றன.

அளவை உணர ஓர் ஆலையைப் பாருங்கள். பின்லாந்தின் ஆனேகோஸ்கி நகரில் 2017-ல் இயங்கத் தொடங்கிய உயிரிப்பொருள் ஆலை, ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் மரக்கூழ் தயாரிக்கும் திறன் கொண்டது. அதற்குச் சுமார் 65 லட்சம் கனமீட்டர் மரம் வேண்டும். ஒரு ஹெக்டேர் காடு ஆண்டுக்கு 4 கனமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 16 லட்சம் ஹெக்டேர் காட்டின் ஓராண்டு வளர்ச்சி முழுவதும் அந்த ஒற்றை ஆலையின் வாயிலுக்குப் போக வேண்டும். காடு வளர்ப்பில் நெடுங்கால அனுபவம் உள்ள அந்த நாட்டிலேயே, 2021-ல் காடும் பிற நிலங்களும் சேர்ந்த நிலப்பயன்பாடு முதன்முறையாகக் கார்பனை உறிஞ்சும் நிலையிலிருந்து வெளியிடும் நிலைக்கு மாறியதாக அதன் புள்ளியியல் துறை அறிவித்தது. வெட்டு கூடியதும் மரங்களின் வளர்ச்சி குறைந்ததும் காரணங்களில் முக்கியமானவை.

உலகக் காடுகளின் பரப்பு சுமார் 406 கோடி ஹெக்டேர் என்றும், அதில் ஏறத்தாழ 73 விழுக்காடு பொது உடைமை என்றும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2020 மதிப்பீடு சொல்கிறது. ஆகவே இது பெரும்பாலும் நமக்குச் சொந்தமான சொத்தைப் பற்றிய பேச்சு. ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று கேட்பது சலுகை கோருவதாகாது.

முதலில்: காடு யாருடையது, முடிவு யாருடையது

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். நிலம் அரசுடையதாக இருக்கும், வெட்டும் உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், விழும் இலையையும் காயையும் எடுக்கும் உரிமை கிராமத்திடம் இருக்கும். ஒரு தாளை எடுத்து நான்கு பெயர்களை எழுதுங்கள்: நிலத்தின் உடைமையாளர், வெட்டு அளவை நிர்ணயிப்பவர், அதைக் கண்காணிப்பவர், வருமானத்தைப் பெறுபவர். நான்கு இடங்களிலும் ஒரே பெயர் வந்தால் உங்கள் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் அமைப்பு அது.

அடுத்து உங்களுக்குச் சட்டம் தரும் பிடிமானம் என்ன என்று பாருங்கள். 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, சுற்றுச்சூழல் விஷயங்களில் தகவல், பங்கேற்பு, நீதி என்ற மூன்று உரிமைகளை 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சட்டமாக்கியது. லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியப் பகுதியிலும் 2021-ல் நடைமுறைக்கு வந்த எஸ்காசு ஒப்பந்தம் அதே உரிமைகளோடு, சூழல் காவலர்களைப் பாதுகாக்கும் கடமையையும் அரசுகளின் மேல் வைத்தது. பழங்குடி மக்களின் நிலம் என்றால், அவர்களது சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்பதை 2007-ம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. உங்கள் நாட்டுக்கு எது பொருந்துமோ அதன் மூலப் பிரதியை, சுருக்கங்களை நம்பாமல், நீங்களே ஒருமுறை படியுங்கள்.

மேலாண்மைத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், அட்டவணையிலிருந்து படியுங்கள்

முறையாக நிர்வகிக்கப்படும் காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் உண்டு. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து அதை வாங்குங்கள். முன்னுரையில் பாரம்பரியம், பசுமை, வருங்காலத் தலைமுறை எல்லாம் இருக்கும். அதைத் தாண்டிவிடுங்கள். நான் முதலில் திறப்பது பின்னிணைப்பை. மூன்று எண்கள் வேண்டும்: ஹெக்டேருக்கு ஆண்டு வளர்ச்சி, வெட்டுவதற்குரிய பரப்பு, ஆண்டு வெட்டு அளவு.

ஓர் உதாரணக் கணக்கு. காட்டின் மொத்தப் பரப்பு 10,000 ஹெக்டேர். வளர்ச்சி ஹெக்டேருக்கு 4 கனமீட்டர். ஆகவே ஆண்டுக்கு 40,000 கனமீட்டர் வளர்கிறது, 40,000 வெட்டலாம் என்கிறது திட்டம். பார்த்தால் நேர்மையான கணக்கு. இப்போது பரப்புப் பக்கத்துக்குப் போங்கள். அதில் 2,500 ஹெக்டேர் செங்குத்துச் சரிவும் ஓடைக்கரையும். அங்கே வெட்டக் கூடாது என்று அதே திட்டத்தின் இன்னொரு பக்கம் சொல்கிறது. அப்படியானால் 40,000 கனமீட்டரும் மிச்சமுள்ள 7,500 ஹெக்டேரிலிருந்து வர வேண்டும். ஹெக்டேருக்கு 5.3 கனமீட்டர். வளர்வதோ 4. வெட்டாத இடத்தின் வளர்ச்சியைக் காட்டி, வெட்டும் இடத்தைக் காலி செய்கிறார்கள். இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கங்களை ஒருவரும் சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். சேர்த்துப் படிக்கிறவர் நீங்களாக இருங்கள்.

வேறு சில இடங்களிலும் கணக்கு வழுக்கும். வளர்ச்சியில் தானாகச் செத்து விழும் மரங்களைக் கழித்தார்களா? கிளை, நுனி, வேர்க்கட்டை ஆகியவற்றைக் ‘கழிவு’ என்று வகைப்படுத்தி எரிபொருளுக்கு அனுப்பினால், அது வெட்டு அளவில் சேருகிறதா? மரத்தின் சத்தில் பெரும்பங்கு இலையிலும் சிறு கிளையிலும்தான் இருக்கிறது. அதை வாரிக்கொண்டு போனால் மண் மெலியும். கழிவு என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். கடைசி அளவெடுப்பு எந்த ஆண்டு என்பதையும் பாருங்கள். இருபது ஆண்டுப் பழைய அளவை வைத்து இன்றைய வெட்டை முடிவு செய்வது, நோயாளி இளைஞராக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையை வைத்து மருந்து எழுதுவது போன்றது.

இந்தக் கணக்கு புதிதாக வந்த பசுமைச் சிந்தனை என்று யாராவது சொன்னால், 1713-ஐ நினைவூட்டுங்கள். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களை நிர்வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், தாதுவை உருக்கும் உலைகள் காட்டைத் தின்று தீர்ப்பதைக் கண்டு, வளர்வதற்கு மேல் வெட்டாதே என்று எழுதினார். நீடித்த பயன்பாடு என்று இன்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. அன்றும் கேள்வி தொழிற்சாலையின் பசி பற்றியதுதான்.

காட்டுக்குள் சென்று நீங்களே அளந்து பாருங்கள்

இதைச் செய்யாதவர்களின் பேச்சுக்கும் செய்தவர்களின் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டத்தில் உடனே உணரலாம். நிபுணராக வேண்டியதில்லை. அனுமதி தேவைப்படும் காடு என்றால் அதைப் பெற்றுக்கொண்டு, மூன்று பேர், ஒரு கயிறு, ஒரு அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போங்கள்.

கயிற்றில் 5.64 மீட்டரில் முடிச்சுப் போடுங்கள். தரையில் ஒரு முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் கிடைக்கும் வட்டம் 100 சதுர மீட்டர். அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவால் சுற்றி அளங்கள். பெரியவர் ஒருவரின் நெஞ்சு உயரம் அது; உலகம் முழுவதும் வனத்துறையினர் அளப்பதும் ஏறத்தாழ அங்கேதான். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளங்கள். சுற்றளவு 94 செ.மீ. வந்தால், 3.14-ஆல் வகுக்க விட்டம் 30 செ.மீ. அந்த மரத்தின் குறுக்குவெட்டு சுமார் 0.07 சதுர மீட்டர். வட்டத்துக்குள் அப்படி நான்கு மரம் என்றால் 0.28, நூறால் பெருக்கினால் ஹெக்டேருக்கு 28 சதுர மீட்டர். காட்டின் அடர்த்தியைச் சொல்லும் எண் இது. திட்டத்திலும் இதே எண் இருக்கும். ஒப்பிடுங்கள்.

ஒரு வட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மரம் செழித்த இடமாகப் பார்த்து முளை அடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், மொட்டை இடத்தைத் தேடும் ஆசையும் வரும். இரண்டையும் விடுங்கள். வீட்டிலேயே வரைபடத்தில் சம இடைவெளிக் கட்டங்கள் போட்டு, கோடுகள் வெட்டும் இடங்களுக்கு மட்டும் போங்கள். அடிக்கட்டைகளையும் எண்ணுங்கள். கீழே விழுந்து மட்கும் மரங்களைக் குறியுங்கள். பூஞ்சைக்கும் வண்டுக்கும் மரங்கொத்திக்கும் அதுதான் வீடு. முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய மரங்கள் நிறைய, கன்றே இல்லை என்றால், கூட்டல் கணக்கு என்ன சொன்னாலும் அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை.

முளையின் இடத்தை ஜி.பி.எஸ். எண்ணோடு பதிவு செய்யுங்கள். திரும்பி வந்து அதே இடத்தில் அளந்தால்தான் வளர்ச்சி தெரியும்.

பேசாதவர்களைத் தேடுங்கள்

காட்டைப் பற்றிய கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் காட்டை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் இல்லை. விறகு, மூலிகை, இலை சேகரிப்பவர்களில் பலர் பெண்கள். கூட்ட நேரத்தில் அவர்கள் காட்டில் இருப்பார்கள். மரத்தை மட்டும் எண்ணும் திட்டம், அவர்களது வாழ்வாதாரத்தைக் காகிதத்தில்கூடப் பார்க்காது. நேபாளத்தில் 1993-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உருவான சமூக வனப் பயனாளர் குழுக்கள் இன்று 22,000-ஐத் தாண்டுகின்றன. அவற்றின் நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. இடம் ஒதுக்குவது போதாது என்பதும் அங்கே கிடைத்த பாடம். நேரம், மொழி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை ஆகியவையும் வேண்டும்.

குலுக்கல் முறையில் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு நிபுணர்களின் விளக்கத்தையும் போதிய நேரத்தையும் தரும் மக்கள் பேரவை இன்னொரு வழி. அயர்லாந்து 2022–23-ல் பல்லுயிர் இழப்பு பற்றி 99 குடிமக்களைக் கொண்டு இதை நடத்தியது. உரக்கப் பேசுகிறவர்களே எல்லாக் கூட்டத்தையும் ஆளும் ஊர்களுக்கு இது நல்ல மருந்து.

நேரம்: கதவு திறந்திருக்கும்போது நுழையுங்கள்

பங்கேற்புக்கு ஏணிபோலப் படிகள் உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் எழுதினார். கீழ்ப்படியில் மக்களைச் சமாளிப்பது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேலே கூட்டாக முடிவெடுப்பது, உச்சியில் மக்களே நிர்வகிப்பது. உங்களை அழைத்த கூட்டம் எந்தப் படி என்று முதலில் கேளுங்கள். ‘இன்று நாங்கள் சொல்வதால் எந்த முடிவு மாறக்கூடும்?’ என்ற ஒரே கேள்வி போதும். பதில் இல்லையென்றால், பதில் இல்லை என்பதையே குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.

ஆர்ஹுஸ் உடன்படிக்கை இதை அழகாகச் சொல்கிறது: எல்லா வழிகளும் திறந்திருக்கும் தொடக்கக் கட்டத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும். ஆலைக்கு முதலீடு செய்த பிறகு கேட்டால், அந்த ஆலையின் கடன்தான் வெட்டு அளவை முடிவு செய்யும்.

எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம் தக்க சமயத்தில் விழித்தது. ஏறத்தாழ 100 கோடி யூரோ மதிப்பில் மாபெரும் மரக்கூழ் ஆலை ஒன்றை அந்த நகருக்கு அருகில் அமைக்க 2017-ல் அரசு திட்டமிடல் பணியைத் தொடங்கியது. நவீன உயிரிப் பொருளாதாரத்தின் அடையாளம் என்று அறிமுகம். நகரவாசிகளின் கேள்விகளோ எளியவை. எமயோகி ஆறு இந்தக் கழிவுநீரைத் தாங்குமா? இத்தனை மரம் எந்தக் காட்டிலிருந்து வரும்? 2018-ல் ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் அரசு அந்தத் திட்டமிடலை நிறுத்தியது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் கேட்டதுதான் அவர்களது பலம்.

இங்கிலாந்தில் 2010–11-ல் பொதுக்காடுகளை விற்கும் யோசனை வந்தபோது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர், அதுவும் கைவிடப்பட்டது. கையெழுத்துக்குத் தடுக்கும் வலிமை உண்டு. ஆனால் அடுத்த பத்தாண்டு காட்டை எப்படி நடத்துவது என்று அது சொல்லாது. அதற்கு எழுத்து மனு வேண்டும்.

மனு இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். திட்டத்தின் பக்க எண், அங்குள்ள எண், நீங்கள் அளந்த எண், நீங்கள் கோரும் மாற்றம் என்ற வரிசையில் எழுதுங்கள். ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்பதற்கு அதிகாரி தலையாட்டலாம். ‘ஆண்டு வெட்டு அளவை 40,000-லிருந்து 30,000 கனமீட்டராகத் திருத்துங்கள், காரணம் 47-ம் பக்க அட்டவணை’ என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

மரம் எதற்குப் போகிறது என்பதும் உங்கள் கேள்விதான்

உலகில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் சுமார் 400 கோடி கனமீட்டர் மரத்தில் ஏறத்தாழ பாதி எரிபொருளாகிறது. ஒரு கட்டையை உத்தரமாக்கினால் பல பத்தாண்டு கார்பன் அதில் தங்கும். பிறகு பலகையாகலாம், துகள்பலகையாகலாம், கடைசியில் அடுப்புக்குப் போகலாம். நேரே அடுப்புக்குப் போனால் அன்றே புகை. இந்தப் படிநிலைப் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்திலும் சேர்த்திருக்கிறது. உங்கள் காட்டின் குத்தகை ஒப்பந்தத்தில், அறுவைக்குத் தகுந்த மரம் எரிபொருளாகக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மனுவின் இரண்டாம் கோரிக்கை அதுவாகட்டும்.

மரம் வெட்டாமலே கிடைக்கும் பொருளாதாரமும் இதில் அடங்கும். குவாத்தமாலாவின் பெட்டேன் காட்டில், மாயா உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியைச் சமூகங்களே ஒப்பந்தத்தின்பேரில் நிர்வகிக்கின்றன. அங்கே சாத்தே என்ற சிறு பனையின் இலை, பூங்கொத்து அலங்காரத்துக்காக ஏற்றுமதியாகிறது. முன்பு கட்டுக் கணக்கில் கூலி என்பதால், கிழிந்ததும் புள்ளி விழுந்ததும் சேர்த்து வெட்டப்பட்டுப் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. சமூக அமைப்புகள் தரமான இலைக்கு மட்டும் விலை என்று மாற்றின. இலைகளைத் தரம் பிரிக்கும் வேலை ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்தது, செடிக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது. கூலி கொடுக்கும் முறையை மாற்றியே ஒரு செடியைக் காத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒருநாள் எதிர்ப்பிலிருந்து நிலையான நிர்வாகத்துக்கு

பொதுச்சொத்தை மக்களே நெடுங்காலம் காத்த இடங்களை ஆராய்ந்ததற்காக எலினோர் ஆஸ்ட்ரோம் 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விதிக்கு உட்படுகிறவர்களே விதி வகுக்க வேண்டும். கண்காணிப்பவர் பயனாளர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும். சண்டையைத் தீர்க்கச் செலவில்லாத இடம் அருகிலேயே வேண்டும். அவர் கண்டவற்றில் முக்கியமானவை இவை. உங்கள் குழுவின் விதிமுறையை எழுதும்போது இவற்றை வரிவரியாகச் சரிபாருங்கள்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா-லேகா, ஒருமித்த கருத்தால் முடிவெடுக்கும் கிராமம். 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை பெற்றது. ஆனாலும் மூங்கிலை விற்க முடியவில்லை. பழைய 1927-ம் ஆண்டுச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதைச் சிறு வன மகசூல், அதாவது மரம் அல்லாத காட்டு விளைபொருள், என்றது. போக்குவரத்து அனுமதிச் சீட்டைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்ற இடத்தில் எல்லாம் நின்றது. 2011-ல்தான் அந்த அதிகாரம் கிராம சபையின் கைக்கு வந்தது. உரிமைப் பட்டா கையில் இருந்தும், ஒரு சீட்டுப் புத்தகம் இல்லாததால் மூங்கில் காட்டிலேயே நின்றது. உங்கள் ஊரில் அந்தச் சீட்டுப் புத்தகம் எது என்று கண்டுபிடியுங்கள்: லாரி அனுமதியா, ஏல அறிவிப்பா, வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரமா?

வருமானப் பங்கீட்டை முதல் மரம் விழுவதற்கு முன் எழுதிவிடுங்கள். எத்தனை விழுக்காடு காட்டுக்குத் திரும்பும், எத்தனை ஏழைக் குடும்பங்களுக்கு, எத்தனை பொதுவேலைக்கு. பணம் வந்த பிறகு இதைப் பேசத் தொடங்கிய ஊர்கள் உடைந்துபோகும். தான்சானியாவின் கில்வா பகுதிக் கிராமங்கள், கிளாரினெட் போன்ற இசைக்கருவிகள் செய்யப் பயன்படும் எம்பிங்கோ மரத்தைத் தங்கள் கிராமக் காட்டில் தாங்களே நிர்வகித்து, காடு பொறுப்பாக நிர்வகிக்கப்படுகிறது என்று உறுதி சொல்லும் எஃப்.எஸ்.சி. சான்றிதழையும் 2009-ல் பெற்றன. மரத்தின் விலையில் தங்களுக்கு வர வேண்டிய பங்கு எவ்வளவு என்று முன்பே தெரிந்திருந்தால்தான் ஓர் ஊரால் பேரம் பேச முடியும்.

கண்காணிப்பும், மறுக்கப்பட்டால் அடுத்த வழியும்

குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளம் 2014 முதல் செயற்கைக்கோள் தரவை இலவசமாகத் தருகிறது. உங்கள் காட்டின் எல்லையை வரைந்து வைத்தால் மரப்பரப்பு குறையும்போது எச்சரிக்கை வரும். ஆனால் தீ, புயல், முறையான வெட்டு எல்லாமே அதில் ஒரே நிறத்தில்தான் தெரியும். ஆகவே எச்சரிக்கை வந்ததும் குற்றம் சாட்டாமல், நேரில் போய்ப் படம் எடுத்து, தேதி குறித்து, பிறகு பேசுங்கள். ஒரு தவறான குற்றச்சாட்டு பத்து உண்மையான புகார்களின் மதிப்பைக் குறைத்துவிடும்.

மனு நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவை அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். சான்றிதழ் பெற்ற காடு என்றால் சான்றிதழ் அமைப்பிடம் புகார் செய்யலாம். 1993-ல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. அமைப்பில் பொருளாதாரம், சூழல், சமூகம் என்ற மூன்று அவைகளுக்கும் சம வாக்கு உண்டு. மரம் ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அழிக்கப்பட்ட காட்டின் பொருள்களைத் தடுக்கும் 2023-ம் ஆண்டின் சட்டம், ஆதாரத்துடன் யாரும் ஐயம் எழுப்ப இடம் தருகிறது; ஆனால் அதன் அமலாக்கத் தேதி தள்ளிப்போனதால், இப்போது அமலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிரட்டல் வரும் இடங்களில் தனியாக அளவெடுக்கப் போகாதீர்கள். மனுவைத் தனி ஒருவர் பெயரில் கொடுக்காமல் குழுவின் பெயரில் கொடுங்கள். பதிவுகளின் நகல் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும்.

அளவெடுத்த நோட்டுப் புத்தகத்தை ஒவ்வோர் ஆண்டும் வயதில் இளைய ஒருவரோடு சேர்ந்து புதுப்பியுங்கள். முளைகள் எங்கே இருக்கின்றன என்பதை அவர் கால்களே அறிந்திருக்க வேண்டும். திட்டம் அடுத்து திருத்தப்படும் ஆண்டை அட்டையின் மேல் பெரிதாக எழுதி, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே முதல் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும் என்று அதன் கீழே குறித்துவையுங்கள்.